திறக்க மாட்டேன் என்று எழுது

என் பூட்டை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். என்னைச் சொல்லுங்கள், என் சமையலைச் சொல்லுங்கள், என் புருஷனைத் தாராளமாகச் சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன். பூட்டை மட்டும் தொடாதீர்கள். கடைத்தெரு முனையில் பூட்டு சாவிக் கடை வைத்திருப்பவள் நான். நான் பொருத்தும் ஒவ்வொரு பூட்டிலும் சாவித் துளைக்குக் கீழே ஆணியால் தட்டி மூன்று புள்ளி வைத்துவிடுவேன். அது என் அடையாளம்.

எங்கள் ஊர்ப் பூட்டுக்காரர்கள் எல்லோருக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. ஒருவர் பொருத்திய பூட்டை இன்னொருவர் திறக்க வேண்டி வந்தால், முதலில் பொருத்தியவருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும். சாவி தொலைந்துவிட்டது, இது என் வீடுதான் என்று எவன் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம் அல்லவா? அது யார் வீடு என்பது பொருத்தியவளுக்குத்தான் தெரியும். இந்த வழக்கம் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் எங்களில் ஒருவரும் மீறியதில்லை. வாடிக்கையாளருக்காக அடித்துக்கொண்டு, முகத்தில் விழிக்காமல் திரிகிறவர்கள்கூட மீறியதில்லை.

நீதிமன்ற வேலையும் எனக்கு வரும். வழக்கில் தோற்றவர் வீட்டைக் காலி செய்யாவிட்டால் உத்தரவை நிறைவேற்றும் கோர்ட்டு ஊழியன், அமீனா, வருவான். எங்கள் ஊர்ச் சட்டப்படி சிவில் வழக்கில் கதவை உடைக்க அவனுக்கு அதிகாரம் கிடையாது. லைசென்ஸ் உள்ள பூட்டுக்காரர் சேதமில்லாமல் திறந்துவிட வேண்டும். அப்படி நிறையக் கதவுகளைத் திறந்திருக்கிறேன். சந்தோஷமான வேலை இல்லைதான். ஆனால் அவர்கள் எல்லாம் தங்கள் பக்கத்தைச் சொல்லி, வாதாடி, தோற்றவர்கள். தோற்றால் போகத்தானே வேண்டும்? அந்த லைசென்ஸ் இல்லாவிட்டால் எனக்குக் கடை இல்லை. கடை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. என் புருஷன் மாலைக் கல்லூரியில் அரசியல் தத்துவம் நடத்துகிறார். அவர் சம்பளம் அவர் புத்தகங்களுக்கே காணாது.

அன்றைக்கு மத்தியானம் அமீனா கடைக்கு வந்து, "மேடம், ஒரு கதவு இருக்கு, சீக்கிரம் வாங்க" என்றான். என் புருஷனிடம், நான் வாத்தியார் என்று கூப்பிடுகிறவரிடம்தான் படித்தவன். தத்துவத்தில் பெயிலாகி, பிறகு தட்டுத் தடுமாறித் தேறி, கோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்தவன். நல்ல பிள்ளை. கொஞ்சம் பயந்த சுபாவம்.

"எங்கே?"

"பக்கத்துலதான். பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும். இன்னையோட இந்த உத்தரவு செல்லாது. அப்புறம் மறுபடி மனு போட்டு, உள்ளே இருக்கறவங்களையும் கூப்பிட்டுக் கேட்டு, ஏகப்பட்ட வேலை."

'கூப்பிட்டுக் கேட்டு' என்று அவன் வாயிலிருந்து தவறி விழுந்த வார்த்தையை நான் அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடம். மேல் மாடிப் படியில் இரண்டு போலீஸ்காரர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கதவின் முன் குனிந்தேன். சாவித் துளைக்குக் கீழே மூன்று புள்ளி. உள்ளேயிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது கவுன் அக்கா வீடு.

இந்த ஊர் வக்கீல்கள் போட்டுக்கொண்டு திரியும் கறுப்பு கவுன் அத்தனையும் அவள் கையால் தைத்ததுதான். நீதிபதிகளின் கவுனும் அவள் தைத்ததே. அளவு எடுக்கும்போது எந்த நீதிபதிக்கு வயிறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும், வெளியே சொல்லமாட்டாள். அவள் புருஷன் போன பிறகு, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று என்னிடம் வந்தாள். இந்தப் பூட்டை அவளுக்காகப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். "அக்கா, உன்னைக் கேக்காம இதை யாரும் திறக்க மாட்டாங்க. நிம்மதியா தூங்கு" என்று சொன்னேன். சொன்ன வாய் இதே வாய்.

கதவைத் தட்டினேன். "அக்கா, நான்தான். பூட்டுக்காரி."

மெஷின் நின்றது. "நீயா? அவங்களோடயா வந்திருக்கே?"

"என்ன நடந்துச்சு, சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? மக பிரசவத்துக்கு வெளியூர் போயிருந்தேன். வந்து பார்த்தா கேட்டுல ஏதோ காகிதம் ஒட்டியிருந்த தடம் இருந்துச்சு, மழையில கரைஞ்சு போயிருந்துச்சு. இன்னைக்குக் காலையில வந்து காலி பண்ணுங்கறாங்க. கேஸாம், தீர்ப்பாம். என்னை யாரு கூப்பிட்டாங்க? யாரு கேட்டாங்க? கூப்பிடு தூரத்துலதானே இருக்கு கோர்ட்டு, ஜன்னல்ல நின்னு கத்தியிருந்தாக்கூட வந்திருப்பேனே!"

அமீனாவைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

"எக்ஸ்பார்ட்டி மேடம்" என்றான் மெல்ல. "பிரதிவாதி வரலைன்னு ஒருதலையா தீர்ப்பு ஆயிடுச்சு."

"கேஸ் போட்டது யாரு?"

"கோர்ட்டு நிர்வாகம். கட்டடத்துச் சொந்தக்காரர் அதை அவங்களுக்கு வித்துட்டாரு. மத்த வீடெல்லாம் முன்னாடியே காலி. இடிச்சுட்டு, கார் நிறுத்த இடம் பண்ணப் போறாங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ தெரியாது. "கேஸ் போட்டது கோர்ட்டு! தீர்ப்பு சொன்னது கோர்ட்டு! காரை நிறுத்தப் போறதும் கோர்ட்டு! உங்க கவுனைத் தைக்கற பொம்பளைகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நல்லா இருக்குடா உங்க நியாயம்!"

"மேடம், நான் வெறும் அமீனா..."

"நான் வெறும் பூட்டுக்காரி. தள்ளு." கதவில் வாயை வைத்துக் கேட்டேன். "அக்கா, திறக்கட்டுமா?"

"வேணாம்டி."

"கேட்டியா தம்பி? வேணாம்னு சொல்லிட்டா." கருவிப் பையை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

அமீனாவுக்கு முழி பிதுங்கியது. லைசென்ஸ் போய்விடும் என்றான், நீதிமன்ற அவமதிப்பு என்றான், தன் வேலைக்கும் ஆபத்து என்றான். நான் அசையவில்லை. உள்ளே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. கடைசியில் அவன் படியிறங்கிப் போய் யாருக்கோ போன் செய்தான். யாருக்கு என்று எனக்குத் தெரியும். பெயிலான பையனுக்குக் கஷ்டம் வந்தால் வாத்தியாரைத்தானே கூப்பிடுவான்?

வாத்தியார் மூச்சு வாங்க நான்கு மாடி ஏறி வந்தார். சட்டைப் பையில் சாக்பீஸ் பொடி. வகுப்பிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறார்.

"வாத்தியாரே, நீங்க எந்தப் பக்கம்?" என்றேன்.

"படிக்கட்டுப் பக்கம். முதல்ல உக்கார விடும்மா."

உட்கார்ந்தார். அமீனா எல்லாவற்றையும் ஒப்பித்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியைத் துடைத்தால் நான் சண்டைக்குத் தயாராகிவிடுவேன்.

"லைசென்ஸ் வாங்கும்போதே இந்த ஊர்ச் சட்டத்துக்குக் கட்டுப்படறேன்னு ஒத்துக்கிட்டே இல்லையா?"

"பூட்டைத் திறக்கத்தான் ஒத்துக்கிட்டேன். வாயை மூடிக்க ஒத்துக்கல."

"லைசென்ஸை விடு. இந்த ஊர் ரோட்டுல நடக்கறே, இந்த ஊர் விளக்கு வெளிச்சத்துல வீட்டுக்கு வர்றே. திருட்டுப் போனா இந்தப் போலீஸைத்தான் கூப்பிடறே. பிடிக்கலேன்னா வேற ஊருக்குப் போயிருக்கலாம், போகல. இருந்தாலே சம்மதம்னுதான் அர்த்தம்னு சொல்லுவாங்க."

"யாரு சொல்லுவாங்க? நான் எங்கே கையெழுத்து போட்டேன்? காட்டுங்க பாப்போம்."

"அதைத்தான் பசங்களும் கேக்கறாங்க" என்று தலையைச் சொறிந்தார். சுவரில் சாய்ந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே முகத்தை மாற்றிக்கொண்டார்.

"இருந்தாலே சம்மதம்னா, இதோ இந்த அக்காவும்தான் இருக்கா" என்று எகிறினேன். "அவ சம்மதிச்சாளா? ஆளறதுக்கு எங்க சம்மதம் வேணும்னு வீட்டுல சாப்பிடும்போதெல்லாம் பாடம் எடுப்பீங்களே. இங்கே சம்மதம் எங்கே இருக்கு? கேட்டுல ஒட்டி மழையில கரைஞ்சதா?"

"கோர்ட்டு பண்ணது தப்புதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. தன் வழக்குக்குத் தானே நீதிபதியா உக்காரக் கூடாதுங்கறது எவ்வளவோ பழைய நியாயம்."

"அப்புறம் என்ன?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "நீ இப்போ என்ன பண்றே? நீயே கேஸைக் கேட்டே. அதுவும் கதவு வழியா. நீயே தீர்ப்பு சொல்லிட்டே. நீயே நிறைவேத்தவும் செய்யறே. நாளைக்கு எவனோ ஒரு முரடன் தன் மனசுக்கு நியாயம்னு பட்டதைச் செய்யக் கடப்பாரையோட இந்தப் படியில ஏறி வருவான். அன்னைக்கு அக்கா யாரைக் கூப்பிடுவா? இந்தப் போலீஸைத்தானே? அவன்கிட்ட நீ என்னன்னு சொல்லுவே? நான் மீறலாம், நீ மீறக் கூடாதுன்னா?"

அவர் சொன்னது தப்பாக இருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். சரியாக இருந்ததுதான் எரிச்சலாக வந்தது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளை மடக்குகிற மாதிரி போலீஸ்காரர்கள் முன்னால் கட்டின பெண்டாட்டியை மடக்குகிறாரே என்று வயிறு எரிந்தது.

"பதில் அப்புறமா சொல்றேன்" என்றேன். "இப்போ திறக்க மாட்டேன்."

"அவசரம் இல்ல" என்றார். எழுந்து போவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கத்துப் படியில் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அமீனா இதற்குள் வேறொரு பூட்டுக்காரனை வரவழைத்திருந்தான். யாரை? கம்பியை! ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லை போல. ஒற்றைக் கம்பி இருந்தால் எதையும் திறப்பேன் என்று பீற்றிக்கொள்கிறவன். எனக்கு நெடுநாள் வாடிக்கையாக இருந்த ஒரு விடுதியைக் குறைந்த கூலி சொல்லிக் கொத்திக்கொண்டு போனவன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. தெருவில் எதிரே வந்தால் அவன் வானத்தைப் பார்ப்பான், நான் சாக்கடையைப் பார்ப்பேன்.

இவன் திறந்துவிட்டால்? எனக்குப் பூட்டைப் பொருத்தத் தெரிந்த மாதிரி அவனுக்குத் திறக்கத் தெரியும். வெளியே சொல்லமாட்டேன், கெட்டிக்காரன்.

கம்பி என்னைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போய்க் கதவின் முன் குந்தினான். விரலால் சாவித் துளைக்குக் கீழே தடவினான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எண்ணை அழுத்தினான்.

என் பையில் போன் அடித்தது.

எடுத்தேன். கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் அவன் முதுகு.

"அக்கா, கம்பி பேசறேன்" என்றான் போனில், சுவரைப் பார்த்தபடி. "உங்க பூட்டு ஒண்ணு முன்னாடி நிக்கறேன். தொடலாமா?"

"யாரு வீடு அது?" வழக்கப்படி கேட்டேன்.

"நீங்கதான் சொல்லணும்."

"கவுன் தைக்கற அக்கா வீடு. அவ வேணாங்கறா. தொடாதே."

"சரிக்கா." போனை வைத்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

அமீனா அலறினான். "அண்ணே, என்ன இது? பக்கத்துலதானே நிக்கறாங்க!"

"எனக்கும் அவங்களுக்கும் பேச்சு இல்ல" என்றான் கம்பி. "தொழில் வழக்கம் வேற, சண்டை வேற. இனிமே யாரைக் கூட்டிட்டு வந்தாலும் இந்தப் புள்ளியைப் பார்த்துட்டு இவங்களுக்குத்தான் போன் போடுவாங்க. நீங்க வீணா அலையாதீங்க சார்."

படியிறங்கிப் போய்விட்டான். வாத்தியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கிறார் மனிதர்.

ஜன்னல் வழியே வந்த வெயில் சுவரில் ஏறி, மஞ்சளாகி, மங்கியது. போலீஸ்காரர்களில் ஒருவர் அமீனாவைப் பார்த்து, "முடிச்சுக்கலாமா சார்?" என்று கேட்டார். அமீனா பையிலிருந்து அறிக்கைத் தாளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டான். உத்தரவு ஏன் நிறைவேறவில்லை என்று அவன் எழுதித் தர வேண்டும்.

சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தான். "மேடம், நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பூட்டு பழுது, உள்ளே சிக்கிக்கிச்சு, பூட்டுக்காரர் முயற்சி பண்ணியும் திறக்க முடியலைன்னு எழுதிடறேன். உங்க லைசென்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. அக்காவுக்கும் நேரம் கிடைச்சுடும். யாருக்கும் நஷ்டமில்ல."

வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை தெரிந்தது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நொடி எனக்கும் ஆசையாக இருந்தது. கடை, அடுப்பு, வீட்டு வாடகை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தலையை ஆட்டினால் போதும்.

"என் பூட்டு பழுதா?" என்றேன்.

"சும்மா எழுதறதுதானே மேடம்..."

"என் பூட்டு சிக்கிக்கிச்சா? கண்ணை மூடிக்கிட்டுத் திறப்பேன்டா அதை! எழுது தம்பி. பூட்டு நல்லா இருக்கு. பூட்டுக்காரிக்குத் திறக்கத் தெரியும். உள்ளே இருக்கறவளை ஒரு வார்த்தை கேக்காம எழுதின தீர்ப்புக்காகத் திறக்க மாட்டேன்னு சொன்னா. அப்படியே எழுது. எழுத்துக்கூட்டிப் படிச்சுக் காட்டு. நான் கையெழுத்து போடறேன்."

எழுதினான். படித்துக் காட்டினான். கையெழுத்து போட்டேன்.

"இப்பத்தான் ஒரு கையெழுத்து போட்டிருக்கே" என்றார் வாத்தியார்.

பொழுது சாய்ந்தது. கதவு உள்ளிருந்து திறந்தது. கவுன் அக்கா எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள், அமீனாவுக்கும் சேர்த்து.

மறுபடி மனு போட்டார்கள். இந்த முறை அவளைக் கூப்பிட்டார்கள், கேட்டார்கள். கோர்ட்டே மனுதாரராக இருக்கும் வழக்கை இங்கே விசாரிக்க முடியாது என்று வேறு ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். அது முடியும்வரை அவள் அங்கேயே இருக்கலாம் என்றார்கள். அவள் ஜெயிப்பாளா தோற்பாளா, அது எனக்குத் தெரியாது. தோற்றால், தன் பக்கத்தைச் சொல்லித் தோற்றவள் என்று ஆகட்டும்.

அடுத்தது என் முறை. கூண்டில் நின்றேன். நீதிபதி நல்ல மனிதர்தான், களைத்திருந்தார். அவர் கவுனின் கைமடிப்பு யார் தைத்தது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"நீங்க மன்னிப்பு கேட்டா இதை இத்தோட முடிச்சுடலாம்" என்றார்.

"அந்த அம்மாவைக் கேக்காம தீர்ப்பு எழுதினதுக்கு முதல்ல நீங்க அவங்ககிட்ட மன்னிப்பு கேளுங்கய்யா. கூடவே நானும் கேக்கறேன்."

பின் பெஞ்சில் வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டதைத் திரும்பாமலே உணர்ந்தேன். ஒரு வருஷம் லைசென்ஸ் ரத்து. கடையைப் பூட்டிச் சாவியை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். மேல்முறையீடு செய்யலாமே என்று நீதிபதியே சொன்னார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலை அமீனா கடை வாசலுக்கு வந்தான். கடையைப் பூட்ட ஒரு பூட்டுக்காரர் வேண்டும் என்று உத்தரவில் இருந்ததாம். கூட வந்திருந்தது கம்பி. அவன் என் கடைக் கதவைப் பார்த்தான். சாவித் துளைக்குக் கீழே மூன்று புள்ளி. பாவம், பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போனது.

"போன் வேணாம்" என்றேன். "நேரா கேளு."

அவன் வானத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, பூட்டலாமா?"

"தள்ளு."

உள்ளே போய் விளக்கை அணைத்தேன். சாவி அறுக்கும் மெஷின் மேல் துணியைப் போர்த்தினேன். வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, என் கையாலேயே பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன். நல்ல பூட்டு. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், கேட்கவில்லை, ஒரு சொட்டு விழுந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்றிருந்த வாத்தியாரிடம் திரும்பினேன்.

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களே, கடப்பாரையோட வர்றவன்கிட்ட என்ன சொல்லுவேன்னு."

"ம்."

"மீறணும்னா மீறு. ஆனா பேரைச் சொல்லிட்டு மீறு. தீர்ப்பு வந்ததும் உன் கடையை நீயே பூட்டிட்டு அப்புறம் வந்து பேசு. அப்படிச் சொல்லுவேன். பூட்ட முடியாதவன் கடப்பாரையைத் தொடக் கூடாது."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

சாவியை அமீனாவின் உள்ளங்கையில் வைத்து அவன் விரல்களை மடக்கினேன். "எழுதிக்கோ தம்பி. அந்தக் கதவைத் திறக்க முடியும், திறக்கல. இந்தக் கதவைப் பூட்ட மாட்டேன்னு சொல்ல முடியும், பூட்டினேன். ரெண்டும் ஒரே கைதான்."

"எழுதறேன் மேடம்" என்றான். இந்த முறை அவன் சுற்றிலும் பார்க்கவில்லை.

கருவிப் பையை வாத்தியார் தோளில் மாட்டிவிட்டு, கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கட்டடத்தை நோக்கி நடந்தேன். புது கவுன்களுக்கு ஓரம் அடிக்க ஆள் வேண்டும், காலையிலேயே வந்துவிடு என்று அக்கா சொல்லியிருந்தாள்.